ஹீட் முடிந்து இரண்டு மாதம் கழித்து பெட்டை நாய் ஆளே மாறிப்போவது ஏன்?

கேள்வி, ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகி. 7 நவம்பர் 2023, காலை 11.15

இரண்டரை வயது லேப்ரடார் பெட்டை. ஆகஸ்ட் கடைசியில் ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போனது. இணை சேர்க்கவில்லை. நான்கு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது, என் மகனின் கரடி பொம்மையை வாயில் வைத்துக்கொண்டு முனகுகிறது, கிட்டே போனால் உறுமுகிறது. என்னைப் பார்த்து உறுமினதே கிடையாது. தீபாவளி வெடிக்குப் பயந்துதான் இப்படி என்கிறார் வீட்டுக்காரர். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. யார் வீட்டிலாவது இப்படி ஆனதுண்டா?

பதில், 7 நவம்பர் 2023, இரவு 9.50

வெடி இல்லை. பொய்ச் சினை, அதாவது சினையாகாமலே உடம்பு சினைபோல நடந்துகொள்வது. உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். இதை எழுதும்போது என் காலடியில் எங்கள் மின்னி மூன்று பனங்கொட்டைகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கரடி பொம்மை கிடையாது, அதனால் பனங்கொட்டை. சூப்பிப் போட்டுக் காய்ந்த கொட்டை, நார் முடி மாதிரி சிலிர்த்துக்கொண்டிருக்கும். பார்த்தால் ஈரம் காயாத குட்டி மாதிரியேதான் இருக்கிறது, அதன்மேல் தப்பு சொல்ல முடியாது.

மின்னி சிப்பிப்பாறை ஜாதி நாய், நான்கு வயது. எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம். பெரும்பாலான நாய்களுக்கு வருஷத்தில் இரண்டு முறை ஹீட் வரும், இதற்கு ஒரே முறைதான், ஆவணி ஒட்டி. இந்த வருஷம் செப்டம்பர் 4 அன்று முதல் ரத்தம் பார்த்தோம், காலண்டரில் மகள் குறித்து வைத்திருக்கிறாள். மூன்று வாரம் ஊரிலுள்ள கடுவன்கள் எல்லாம் எங்கள் வாசலில் மாநாடு நடத்தின. அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமில்லை. நவம்பர் 1, அதாவது 59ஆம் நாள், முருங்கை மரத்தடியில் குழி பறிக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் முதல் கொட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது. போன வருஷமும் இதே கதை, அப்போது என் பழைய செருப்பு.

காரணம் இதுதான். பசு சினை பிடிக்காவிட்டால் 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்துவிடும், கரு தங்கவில்லை என்று அதன் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஹீட்டுக்குப் பிறகு இரண்டு மாதம்போல சினைப்பை (கருமுட்டை உருவாகும் இடம்) புரோஜெஸ்டிரான் என்ற, கருவைத் தங்க வைக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அந்த நாள் நெருங்க நெருங்க புரோஜெஸ்டிரான் இறங்கும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். குட்டி போட்ட தாய்க்கு நடப்பதேதான். குட்டி மட்டும் இல்லை. சில நாய்களுக்கு இது தெரியாமலே கடந்துபோகும், சிலவற்றை ஆட்டிவைத்துவிடும்.

இரண்டு மூன்று வாரத்தில் தானே சரியாகும். பொம்மையைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள், ராத்திரி தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், பால் வற்றிவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

7 நவம்பர் 2023, இரவு 10.20

ஒன்று கேட்க விட்டுப்போனது. இணை சேர்க்கவில்லை என்கிறீர்கள், சரி. அந்த மூன்று வாரத்தில் நாய் ஒரு நிமிஷம்கூட உங்கள் கண்ணை விட்டுப் போகவில்லையா? எங்கள் தெருவில் ஒரு கடுவன் ஐந்தடிச் சுவரைத் தாண்டியதைப் பார்த்தவன் நான். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். 25 நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஸ்கேனில் தெரியும், கடைசி இரண்டு வாரத்தில் எக்ஸ்ரேயிலேயே குட்டிகளின் எலும்பை எண்ணிவிடலாம்.

9 நவம்பர் 2023, மாலை 6.05

"பிடுங்கி ஒளித்து வையுங்கள்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எழுதிய திமிரில் நானே நேற்று காலை ஒரு கொட்டையை எடுக்கப் போனேன். உறுமியது. "ஏய், நாந்தான்" என்றேன். அதற்குத் தெரியும் நான்தான் என்று. தெரிந்தேதான் கையைக் கவ்வியது. பெரிய காயமில்லை, பல் பட்டுத் தோல் கிழிந்தது, ஆனால் நான்கு வருஷத்தில் முதல் முறை. வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போட்ட நாய்தான், இருந்தும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நானும் ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போட்டவர் எதற்காகக் கடித்தது என்று கேட்டார். பனங்கொட்டைக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சோறு வைக்கும்போது என்று சொல்லிவிட்டேன்.

அதன் கணக்கில் அது கொட்டை இல்லையே. பெற்ற குட்டியைத் தூக்க வந்தவனை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் நாயை வெளியே நடக்கக் கூட்டிப்போன நேரத்தில் வீட்டிலிருப்பவர் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தை, நடைபழகும் குழந்தை இருக்கிற வீடு என்றால் இந்த இரண்டு மூன்று வாரமும் நாய் படுத்திருக்கும் மூலைக்குக் குழந்தையை விடவே கூடாது. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கையே இருக்காது.

10 நவம்பர் 2023, இரவு 11.30

பால் கட்டியிருக்கிறது, பீய்ச்சிவிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காம்பைத் தொடத் தொட, குட்டி குடிக்கிறது என்று உடம்பு நினைத்து இன்னும் சுரக்கும். எண்ணெய் போட்டு நீவுவது, வெந்நீர் ஒத்தடம், எல்லாம் அதே கணக்குத்தான். நாயே தன் மடியை நக்கிக்கொண்டிருந்தாலும் இதே கதை. மகளின் பழைய பனியன் ஒன்றை மின்னிக்குப் போட்டுவிட்டோம், முன்னங்கால் இரண்டும் கை வழியாக, முதுகில் ஒரு முடிச்சு. ஊரே சிரிக்கிறது. நக்குவது குறைந்திருக்கிறது. மடி சிவந்து, சூடாகி, தொட்டால் வலியில் கத்தினால் மட்டும் டாக்டரிடம் தூக்கிப் போங்கள், பால் கட்டிச் சீழ் பிடித்திருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கும் என் அம்மாவுக்கும் சண்டை. "பச்ச உடம்புக்காரி" என்று சொல்லி அம்மா அதற்குத் தினம் ஒரு முட்டை, பால், கருவாட்டுத் தலை எல்லாம் வைக்கிறார். யாருக்கு அம்மா பச்சை உடம்பு, அது பெறவே இல்லையே என்றால், "நீ கண்டியா" என்கிறார். பாலூட்டுகிற நாய்க்குப் போடுவதுபோல் போட்டால் பால் எப்படி வற்றும்? வழக்கமான சோறு, கொஞ்சம் குறைவாக, காலை மாலை நல்ல நடை. வெளியே கூட்டிப்போனால் பாதி நேரம் குட்டி ஞாபகமே மறந்துபோகிறது. திரும்பும்போது வாசல் நெருங்கியதும் இழுக்கிற இழுப்பு இருக்கிறதே!

12 நவம்பர் 2023, தீபாவளி இரவு

ராசிபுரம் சகோதரியின் வீட்டுக்காரரிடம் பாதி மன்னிப்பு. சிவகாசி இங்கிருந்து கூப்பிடு தூரம், சாயங்காலத்திலிருந்து வானம் உடைகிறது. மற்ற வருஷங்களில் வெடி போட்டால் மின்னி குளியலறைக்குள் ஓடி ஒளியும். இன்று மூன்று கொட்டைகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தான் வெளிப்பக்கம் வெடவெடத்துக்கொண்டு படுத்திருக்கிறது. பயமும் உண்டு, இதுவும் உண்டு. வெடி சில நாளில் ஓய்ந்துவிடும், இது அவ்வளவு சீக்கிரம் ஓயாது, அப்படிப் பிரித்துப் பாருங்கள்.

14 நவம்பர் 2023, இரவு 1.10

தூக்கம் வரவில்லை. ஏழாம் தேதி "ராத்திரி தண்ணீரைக் குறையுங்கள்" என்று எழுதினேன் அல்லவா. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய ஆட்கள் சொல்வதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏன் உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன்.

மின்னிக்கு முன்னால் எங்களிடம் ராணி இருந்தது. நாட்டு நாய். 2014இல் அதற்கு ஏழு வயது. அதற்கும் இரண்டு முறை பொய்ச் சினை வந்து, தானே போயிருக்கிறது. அந்த வருஷம் ஹீட் முடிந்து ஐந்து வாரத்தில் மூலையில் போய்ப் படுத்தது, சாப்பாடு வேண்டாம் என்றது. நான் டாக்டர் மாதிரி "அதே பழைய கதைதான், பத்து நாளில் எழுந்துவிடும்" என்றேன். தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்தது. வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போனது, அது அப்படிப் போகிற நாயே இல்லை. பால் வற்றட்டும் என்று தண்ணீர்ச் சட்டியை ராத்திரி எடுத்து உள்ளே வைத்தவன் நான். யாரோ சொன்னார்கள், செய்தேன். நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் வயிறு பானைபோல ஆனபிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்றைக்கே அறுவை செய்தார்கள். மறுநாள் காலையில் போய்விட்டது.

அதன் பெயர் பயோமெட்ரா. இதுவும் புரோஜெஸ்டிரான் செய்கிற வேலைதான். அது கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கிறது, தசை சுருங்கி வெளியே தள்ளுவதை நிறுத்திவைக்கிறது, அங்கே எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடுகிறது. கரு தங்குவதற்காகச் செய்கிற ஏற்பாடு. ஹீட் சமயத்தில் கர்ப்பப்பை வாய் திறந்திருந்தபோது ஈ.கோலை மாதிரிக் கிருமி உள்ளே போயிருந்தால் அதற்கும் அதே மெத்தை கிடைத்துவிடும். ஹீட் முடிந்து சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வரும், அதாவது பொய்ச் சினை வருகிற அதே காலம். கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதால்தான் அந்தத் தாகம். நான் சட்டியை எடுத்து வைத்தது எப்படிப்பட்ட காரியம் என்று அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

15 நவம்பர் 2023, காலை 8.00

பயமுறுத்துகிறேன் என்று திருப்பூர்க்காரர் சொல்கிறார். இருக்கலாம், நேற்று எழுதிய நேரம் அப்படி. எல்லா மந்தமும் பயோமெட்ரா இல்லை. நான் இப்போது பார்ப்பது இவ்வளவுதான். பொய்ச் சினை நாய்க்கு வேலை இருக்கும்: குழி பறிக்கும், துணியைச் சுருட்டும், கொட்டையை நக்கும், காவல் காக்கும், சோறு பிடிக்காவிட்டாலும் பிஸ்கட்டைக் காட்டினால் கண் மின்னும். பயோமெட்ரா நாய்க்கு எதிலும் நாட்டம் இருக்காது. தண்ணீர் மட்டும் வேண்டும். பின்பக்கம் நாற்றத்தோடு சீழோ ரத்தமோ வடிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ராணிக்கு ஒரு சொட்டுக்கூட வடியவில்லை. கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியே வராது, அதுதான் கூடுதல் ஆபத்து. வாந்தி, வயிற்று வீக்கம், காய்ச்சல், எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். ஐந்து வயதுக்கு மேல் ஆன, கருத்தடை செய்யாத பெட்டை என்றால் இன்னும் உஷார். சின்ன வயது நாய்க்கு வரவே வராது என்றும் இல்லை.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று எப்படித் தெரியும் என்கிறார். அளந்து ஊற்றுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். 18 கிலோ மின்னிக்கு அது 1.8 லிட்டர். நேற்று முக்கால் லிட்டர் குடித்திருக்கிறது.

15 நவம்பர் 2023, மதியம் 2.40

ஆமாம், ராணி விஷயத்துக்குப் பிறகும் நான் மின்னிக்கு ஏன் கருத்தடை செய்யவில்லை என்று கேட்கலாம். நல்ல சிப்பிப்பாறை, ஒரு முறை குட்டி எடுக்கலாம் என்ற ஆசை. அவ்வளவுதான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

19 நவம்பர் 2023, இரவு 10.00

மாத்திரை பற்றி. கேபர்கோலின் என்று ஒன்று இருக்கிறது, புரோலாக்டினை இறக்கும். பொய்ச் சினை முற்றி, நாயும் வீடும் தாங்க முடியாமல் போனால் டாக்டர் கொடுப்பார், கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், தினம் ஒரு வேளை, ஐந்தாறு நாள். இதைப் படித்துவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். மனிதருக்கான 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 500 மைக்ரோகிராம் இருக்கிறது. மின்னி எடைக்கு வேண்டியது 90தான். ஒரு முழு மாத்திரை போட்டால் ஐந்து பங்குக்கு மேல். சரியான அளவிலேயே சில நாய்களுக்கு வாந்தி வரும். அதைவிட முக்கியம், உண்மையிலேயே சினையாக இருந்தால் கரு கலைந்துவிடும். அதனால்தான் முதலிலேயே ஸ்கேன் என்றேன்.

வாந்திக்கு என்று வீட்டிலிருக்கும் மெட்டோகுளோப்ரமைடு மாத்திரையையும் இந்த நேரத்தில் உங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டாம், அது புரோலாக்டினை ஏற்றிவிடும். மின்னிக்கு மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. பனியன், நடை, கருவாட்டுக்குத் தடை.

20 நவம்பர் 2023, காலை 7.15

"ஒரு ஈத்து போடட்டும், எல்லாம் சரியாப்போகும்." இது என் அம்மா. இந்த இழையில் மூன்று பேர் எழுதியிருப்பதும் இதைத்தான். ஈத்து போட்ட நாய்க்கும் அடுத்த ஹீட்டில் பொய்ச் சினை வரும். ராணி இரண்டு ஈத்து போட்டது, அதற்குப் பிறகுதான் இரண்டு முறையும் வந்தது. எட்டுக் குட்டியை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி தனி.

ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னார்: "ஏங்குது, பாவம்." நான் வழக்கம்போல ஹார்மோன் என்று ஆரம்பித்தேன். "அப்ப எனக்கு உன்னப் பெத்தப்ப வந்தது என்ன?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். பொய்ச் சினை என்ற பேரே எனக்கு இப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குட்டிதான் இல்லை. பால் நிஜம், ஏக்கமோ காவலோ அதுவும் நிஜம். ஓநாய்க் கூட்டத்தில் பொதுவாக ஒரு பெட்டைதான் ஈனும், மற்ற பெட்டைகளுக்கும் அதே சமயம் பால் ஊறினால் குட்டிகளுக்கு ஆயாக்கள் கிடைப்பார்கள், அங்கிருந்து வந்த வழக்கம் இது என்று ஒரு விளக்கம் உண்டு. தாயில்லாத பூனைக்குட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பால் கொடுக்கும் நாய் என்று பேப்பரில் படம் போடுவார்களே, அதில் சிலதாவது மின்னி கேஸாக இருக்கும்.

27 நவம்பர் 2023, இரவு 9.00

நேற்று கார்த்திகை தீபம். வாசலில் விளக்கு வைக்கும்போது மகள் கத்தினாள். மின்னி பெருச்சாளி ஒன்றைத் துரத்திக்கொண்டு தெருக்கோடி வரை போயிருக்கிறது, கொட்டையை அனாதையாக விட்டுவிட்டு. இன்று காலையில் கொட்டையைத் தாண்டிப் போய்ச் சோற்றுத் தட்டில் நின்றது. 27 நாள். போன வருஷம் 19. ராசிபுரம் நிலவரம் என்ன?

28 நவம்பர் 2023, காலை 6.50

அவர்கள் வீட்டில் 22ஆம் தேதியே கரடி ரிடயராகிவிட்டதாம். நல்லது. இரண்டு பெட்டைகள் ஒன்றோடொன்று சண்டை போடுவதாகக் கேட்ட தஞ்சாவூர்க்காரருக்கு: இந்தக் காலத்தில் படுக்கை, தட்டு, பொம்மை எல்லாமே சண்டைக்குக் காரணம்தான். ஒரு மாதம் தனித்தனி அறை, தனித்தனிச் சாப்பாடு. அதற்குப் பிறகும் ரத்தக்களரி என்றால் ஹீட்டின் மேல் பழி போடாதீர்கள், அது வேறு பகை.

24 டிசம்பர் 2023, மதியம் 1.00

போன வாரம் எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கெல்லாம் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே ஒரு சுவர் விழுந்தது, கரண்ட் இல்லை, நாயும் நாங்களும் பத்திரம். முருங்கை அடியிலிருந்த குழி மூடிப்போய்விட்டது.

கருத்தடை எப்போது என்று தனியாகக் கேட்டவர்களுக்குப் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன், நாங்களும் முடிவு பண்ணிவிட்டோம். பொய்ச் சினை இருக்கும்போது அறுக்கக் கூடாது. சினைப்பையை எடுத்தால் புரோஜெஸ்டிரான் சட்டென்று விழும், புரோலாக்டின் இறங்காமல் நின்றுகொள்ளலாம், பொய்ச் சினை மாதக்கணக்கில் இழுத்துவிடும். ஹீட் முடிந்து மூன்று நான்கு மாதம், மடி முழுக்க வற்றின பிறகு. பயோமெட்ரா என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே. அறுத்தால் சாது ஆகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஹீட்டோடு வருகிற ஆட்டம் நிற்கும், பிறவிக் குணம் அப்படியேதான் இருக்கும்.

2 பிப்ரவரி 2024, இரவு 8.30

திங்கட்கிழமை முடிந்தது. கர்ப்பப்பை சுத்தமாக இருந்தது என்றார் டாக்டர். எனக்கு அதுதான் கேட்க வேண்டியிருந்தது. மறுபடி அதே பனியன், இந்த முறை தையலை நக்காமலிருக்க. அம்மா கருவாட்டுத் தலையோடு வந்து நின்றார், "இப்பவாவது பச்ச உடம்புன்னு ஒத்துக்கிறியா?" ஒத்துக்கொண்டேன்.

10 மார்ச் 2024, காலை 10.20

இழையை மேலே கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும், புதுக் கேள்வி ஒன்றுமில்லை. மூன்று கொட்டையில் இரண்டு வீட்டிலேயே கிடந்தன, மூன்றாவது எங்கே போனது என்று தெரியாமலிருந்தது. இன்று முருங்கை அடியில் கொத்தும்போது கிடைத்தது. முளைத்து ஒரு முழத்துக்குக் கிழங்கு இறக்கியிருக்கிறது. அவித்தாயிற்று. மின்னிக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.